மதாம் பெலான்ஜே வீட்டு அடுப்பு

கனடாவின் மொன்றியலில் ஊரே ஒரே நாளில் வீடு மாறும். மணிவாசகம் இதை எழுதியபோது, தஞ்சாவூரிலிருந்து அவன் அப்பா, "ஏன், ஆற்றில் வெள்ளமா?" என்று பதில் போட்டிருந்தார். வெள்ளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே தேதியில் முடிந்து ஒரே தேதியில் தொடங்கும், அவ்வளவுதான். முன்பு அந்தத் தேதி மே ஒன்று. நம் கணக்கில் சித்திரை பதினெட்டு, பேஷான நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று மாகாண அரசாங்கம் அதைத் தூக்கி ஜூலை ஒன்றில் வைத்துவிட்டது. ஜூலை ஒன்று ஆனி பதினேழு. ஆனியில் நம் ஆட்கள் புது வீட்டுக்குக் குடி போகமாட்டார்கள். சட்டம் எழுதினவர்கள் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

1975-ஆம் வருஷம் ஜூன் மாதம் இதற்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்தவள் அனுசூயா, மணிவாசகத்தின் மனைவி. டவுன்டவுனில் பதினோராவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. ஏப்ரலிலேயே சாமான்களை அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டாள். கட்டிய பெட்டியைப் பிரிப்பாள், வேறு விதமாக அடுக்குவாள், மறுபடி கட்டுவாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். ஒரு கரண்டி வேண்டுமென்றால் நாலு பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. மணிவாசகம் ஒரு மாதமாகத் தோசையைச் சாப்பாட்டுத் தட்டால் திருப்பிப் போட்டுச் சாப்பிட்டான். வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தது ஆடி மாதத்தில். மின்சார இணைப்பு வருவதற்கு மூன்று நாளானது, பால் காய்ச்சவில்லை. நாலாம் நாள் சாதாரணமாகக் காப்பி போட்டுக் குடித்துக் குடித்தனம் தொடங்கியாயிற்று. அந்த மார்கழியில், பனி முழங்காலளவு கொட்டிக் கிடந்த ஒரு காலையில், ஐந்து மாதக் கரு இந்த வீட்டுக் குளியலறையில் கலைந்துபோனது. டாக்டர் ஆயிரம் காரணம் சொன்னார். அனுசூயா தாவரவியலில் எம்.எஸ்ஸி. வாங்கினவள், ஆயிரத்தையும் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குளியலறைக்குள் போகும்போதெல்லாம் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். இப்போது மறுபடி மூன்று மாதம். இவர்கள் இரண்டு பேரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. வாய்விட்டுச் சொன்னால் பறந்துவிடும் என்று பயந்தாள். இந்த முறை எதிலும் குறை வைக்கக்கூடாது, முக்கியமாகப் புது வீட்டு விஷயத்தில், என்பது அவளுடைய ஒரே பிடிவாதம்.

ஊர் ஓரத்தில், லாசாலில் பார்த்திருந்த வீடு மாடி வீடு. தெருவோரம் வளைந்து ஏறும் இரும்புப் படி, இரண்டு படுக்கையறை, ஆற்றங்கரை எட்டிப் பிடிக்கும் தூரம். விஷயத்தை அம்புஜம் மாமியிடம் போனில் கொட்டினாள். மாமி மயிலாப்பூர்க்காரர், பத்து வருஷமாக டோர்வாலில் ஏரிக்கரையோரம் இருக்கிறவர், ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில்தான் எல்லாரிடமும் பேசுவார்.

"அனு, நீ ஏன் கிடந்து தவிக்கறே? ஜூலை ஒண்ணாம் தேதி சாமான் போகட்டும். சாமான் போறது குடி போறது ஆகாது. பால் காய்ச்சறதுதான் குடி போறது. அதை வைகாசிக்குள்ள முடிச்சுடு."

"வைகாசியில அங்க வேற ஆள் இருக்காங்களே மாமி."

"இருந்தா இருக்கட்டுமே. அடுப்பு இருக்கோல்லியோ?"

"அவங்க வீட்டு அடுப்புல நாம போயி..."

"நான் இந்தாத்துக்கு வந்தப்போ அப்படித்தான் பண்ணினேன். முன்னாடி இருந்த ஐரிஷ்காரி கிட்ட, எங்க ஊர் வழக்கம்னு சொன்னேன். தாராளமா பண்ணிக்கோன்னா. இங்க இருக்கறவாளுக்கு வழக்கம்னு சொன்னா புரியும், சொல்லாம பண்ணினாத்தான் பயப்படுவா. ஆனா ஒண்ணு. பொங்கி வழியணும். சும்மா கொதிச்சா போறாது. வெண்கலப் பானையெல்லாம் தூக்கிண்டு போகாதே, அடி உருண்டை, இந்தக் கரண்டுச் சுருள் அடுப்புல நிக்காது. தட்டை அடியா, சின்னதா, வாய் வரைக்கும் ஊத்து."

நாள் பார்க்கிற வேலை மணிவாசகத்தின் தலையில் விழுந்தது. அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் அடுக்குகிற தளங்களுக்கு அஸ்திவாரக் கணக்குப் போடுகிற என்ஜினீயர். பஞ்சாங்கம் சென்னை நேரத்தில் இருந்தது. ஒன்பதரை மணி கழிக்க வேண்டும். கழித்தான். ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டுமா, கடிகாரத்திலிருந்தா என்று கணக்குப் போடுகிற ஸ்லைடு ரூலோடு அரை மணி உட்கார்ந்தான். "உங்க அப்பா பாத்தா பெருமைப்படுவார்" என்றாள் அனுசூயா. "எங்க அப்பா பெரியார் கட்சி" என்றான் அவன். வைகாசி இருபத்தொன்பது, வியாழன், பூசம், திரிதியை, காலை பத்தரைக்கு மேல் என்று முடிவானது. அதை விட்டால் வைகாசியில் வேறு நல்ல நாள் இல்லை. அந்த வீட்டில் இருக்கும் மதாம் பெலான்ஜேயிடம் போன் பண்ணி அனுமதி கேட்கிற பொறுப்பையும் அவனே எடுத்துக்கொண்டான். "சரின்னுட்டாங்க" என்றான் சாயங்காலம். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அவளும் துருவவில்லை.

வியாழக்கிழமை புழுக்கம். அட்வாட்டர் வரை மெட்ரோ, அப்புறம் பஸ். அனுசூயா மாம்பழ நிறப் பட்டுக் கட்டியிருந்தாள், மேலே மழைக்கோட்டு. மடியில் கூடை. அதற்குள் புது எவர்சில்வர் பாத்திரம், தெபனர் என்கிற தெருமுனைச் சில்லறைக் கடையில் வாங்கிய பால், மஞ்சள், குங்குமம், உள்ளங்கை அகலத்தில் முருகன் படம். வேலை முடிந்து திரும்பும் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கால்வாயைத் தாண்டும்போது பஸ் குலுங்கிற்று. அவள் ஒரு கையால் கூடையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.

இரும்புப் படிக்கட்டில் பாதி ஏறியதும் மணிவாசகம் நின்றான்.

"அனு, ஒரு விஷயம்."

"என்ன?"

"நான் போன்ல பால் பத்திச் சொல்லலை."

"பின்ன?"

"ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுக்க வர்றோம்னு சொன்னேன்."

அனுசூயா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கீழே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டபடி பட்டுப்புடவையை வேடிக்கை பார்த்தார்.

"ஏன்?"

"அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை. எனக்கு பிரெஞ்ச் போன்ஜூரும் மெர்சியும். உங்க அடுப்புல பாலை வழிய விடணும்னு எப்படிச் சொல்றது? பைத்தியம்னு நினைப்பாங்க."

"என்கிட்ட போனைக் குடுத்திருக்கலாமே. ஏழு மாசமா ராத்திரி பிரெஞ்ச் கிளாசுக்கு எதுக்குப் போறேன்?"

"வெக்கமா இருந்துச்சுடி. போதுமா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேலே கதவு திறந்துவிட்டது.

மதாம் பெலான்ஜேக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். குள்ளம், பருமன், பூப்போட்ட ஏப்ரன், கையில் மஞ்சள் ரப்பர் உறை. பிப்ரவரியில் கணவர் போய்விட்டார். படியேற முடியவில்லை என்று த்ருவா ரிவியேர் என்கிற ஊரில் இருக்கும் தங்கையிடம் போகிறார். இருபத்தாறு வருஷம் இருந்த வீடு. ஹாலில் சாமான் பாதி பெட்டிக்குள், பாதி வெளியே. அனுசூயாவுக்குத் தன் வீட்டைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. சமையலறையில் மட்டும் பெட்டி எதுவும் இல்லை. வெள்ளை அடுப்பைக் கழற்றி, சுருள்களையும் தட்டுகளையும் தனித்தனியாகத் தேய்த்து, மறுபடி பூட்டி வைத்திருந்தார். முகம் பார்க்கலாம்.

"உட்காருங்கள், உட்காருங்கள்" என்று பிரெஞ்சில் சொல்லிக் காப்பியும், மேப்பிள் பாகு ஊற்றிச் செய்த டார்ட்டும் கொண்டுவந்து வைத்தார். பால் காய்ச்சுமுன் அந்த வீட்டில் கை நனைப்பதா என்று அனுசூயாவுக்குத் திக்கென்றது. மணிவாசகம் காலையிலிருந்து பட்டினி. அவன் கை டார்ட்டுக்குப் போனதை மேஜைக்கடியில் அவள் கால் தடுத்தது. மணி பத்து நாற்பது.

இனிமேல் அவனை நம்பிப் பிரயோசனமில்லை என்று அவளே தொடங்கினாள். ராத்திரி கிளாசில் படித்த வாக்கியங்கள் கடைக்குப் போவது பற்றியும், பஸ் எங்கே நிற்கும் என்பது பற்றியும்தான். இருந்தாலும் கோத்துப் பார்த்தாள். எங்கள் ஊரில் புது வீட்டில் முதலில் பால் கொதிக்க வைப்போம். இன்று நல்ல நாள். உங்கள் அடுப்பு. ஐந்து நிமிஷம். தயவுசெய்து.

மதாம் பெலான்ஜே கூடையைப் பார்த்தார், பட்டுப்புடவையைப் பார்த்தார். "இது உங்கள் ஜெபம் மாதிரியா?" என்று சிலுவைக்குறி போட்டுக் காட்டிக் கேட்டார். அனுசூயா தலையாட்டினாள். "அப்போ சரி" என்றார், தேவாலயத்துக்கு வழி கேட்டவருக்குச் சொல்லுகிற மாதிரி. தானே சுருளைத் திருகிக் கொடுத்துவிட்டு, "திரைக்கு அளவுநாடா எடுத்து வருகிறேன்" என்று உள்ளே போனார். பொங்கி வழியவேண்டும் என்கிற ஒன்றை மட்டும் அனுசூயா சொல்லவில்லை. வழிவதற்கான வார்த்தை கிளாசில் இன்னும் வரவில்லை.

மணிவாசகம் ஜன்னல் விளிம்பில் முருகனைச் சாய்த்து வைத்தான். அவள் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, பாலை வாய் வரை ஊற்றி, கை கூப்பி நின்றாள். அந்தச் சுருள் லேசில் சூடாகிற ஜாதியில்லை. கறுப்பாகவே இருந்தது, அப்புறம் மங்கலாகச் சிவந்தது. பாலின் ஓரத்தில் நுரை கட்டியது. நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. மணிவாசகமும் அறியாமல் கை கூப்பிவிட்டான். பால் எழும்பிற்று. விளிம்பைத் தொட்டுக் குடையாக நின்றது.

அளவுநாடாவோடு வந்த மதாம் பெலான்ஜே கண்ணில் அதுதான் பட்டது. நாற்பது வருஷம் சமைத்த கை, யோசிக்கவா செய்யும்? ஒரே எட்டில் வந்து, ஏப்ரன் நுனியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்துச் சுருளில் வைத்துவிட்டார். பால் பெருமூச்சு விட்டதுபோல் அமுங்கிற்று. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "தப்பித்தோம்" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். நன்றியை எதிர்பார்த்த முகம்.

அனுசூயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அனு, எழுந்திரு. ஒண்ணுமில்ல. மேல வந்துச்சுல்ல, அது போதும்."

"வழியலை."

"விளிம்பு வரைக்கும் வந்தது. ஒரு மில்லிமீட்டர் கூடப் பாக்கி இல்ல."

"உங்க மில்லிமீட்டரைக் கொண்டுபோய் ஆபீஸ்ல வையுங்க. அங்க ஆடியில பால் காய்ச்சாம போனோம். என்ன ஆச்சு?"

"அதுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் உன்கிட்டத்தானே சொன்னார்?"

"சம்பந்தம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சு என்ன பண்றது? நீங்க காலையில போனா சாயங்காலம் வருவீங்க. நான் அந்தக் குளியலறையோட இருந்தேன். ஒரு தடவையாவது ஏன் அனு சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன்னு கேட்டீங்களா?"

மணிவாசகம் கேட்டதில்லை என்பது உண்மை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

மதாம் பெலான்ஜேக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுட்டுவிட்டதோ என்று அனுசூயாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கை விலகி வயிற்றுக்குப் போனது. அப்போது அவர் முகம் மாறிற்று. முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஏப்ரனோடு, சிரமப்பட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார். "பெபே?" என்றார் மெதுவாக.

அனுசூயா சொன்னாள். கொஞ்சம் பிரெஞ்ச், கொஞ்சம் இங்கிலீஷ், கையால் பாதி. அங்கே ஒன்று போனது. ஐந்து மாதம். பனிக்காலம். இப்போது இன்னொன்று. பால் வழியவேண்டும், வழிந்தால்தான் வீடு நல்லது. மாமியிடம்கூடச் சொல்லாததை, நேற்று வரை பேசியறியாத ஒரு அம்மாளிடம், கடை வீதிக்கென்று படித்த பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில் என்றால் பாதியில் நிறுத்தியிருப்பாள்.

மதாம் பெலான்ஜே தன் நெஞ்சைத் தொட்டு இரண்டு விரலைக் காட்டினார். தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன அறையைக் கையால் காட்டினார். ஐம்பதாம் வருஷம் ஒன்று, ஐம்பத்திரண்டில் ஒன்று. முதலாவது லூசி, ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவதற்குப் பெயர் வைக்க நேரமில்லை. அதற்கப்புறம் மூன்று பேர், அதே அறையில் வளர்ந்து, இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னதால் அனுசூயாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமலே போயிருக்கலாம் என்றும் ஒரு கணம் தோன்றிற்று.

"என்ன சொல்றாங்க?" என்றான் மணிவாசகம்.

சொன்னாள். பெரியார் கட்சிக்காரர் மகன், பஞ்சாங்கத்தை ஸ்லைடு ரூலால் கேலி செய்தவன், அந்தச் சின்ன அறைக் கதவைப் பார்த்தான், முருகன் படத்தைப் பார்த்தான், படத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான்.

"எழுந்திரு. கிளம்பலாம்."

"எங்க?"

"இந்த வீடு வேண்டாம். ஒப்பந்தத்தை நான் பேசிக்கறேன். வேற பாக்கலாம்."

"ஜூலை ஒண்ணுக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. ஊர்ல ஒரு வீடு மிச்சமிருக்காது."

"இல்லேன்னா ஓட்டல்ல இருக்கலாம். மாமி வீட்டுல இருக்கலாம். அந்த ரூம்ல நம்ம குழந்தையை... என்னால முடியாது அனு. அன்னிக்கு உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு, திரும்பி வந்து அந்தக் குளியலறையைக் கழுவினது நான்தான். அதை உன்கிட்டச் சொன்னதே இல்ல. இன்னொரு தடவை என்னால முடியாது."

அவன் குரல் கடைசியில் உடைந்தது. அனுசூயா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக இவன் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அவன் மேல் பாவமாகவும் இருந்தது. யார் கழுவினார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

மதாம் பெலான்ஜே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாவிட்டாலும், ஆள் கிளம்பப் போகிறது என்பது தெரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம் என்று உதட்டைக் கடித்தார். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி இடம் கொடுக்கவில்லை.

அனுசூயா எழுந்து அவருக்குக் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய கையை விடாமல், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்: "ரெண்டும் போன பிறகு, வீடு மாத்தணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோன்றியது" என்றார் மதாம். "தினமும். முதல் வருஷம் இரண்டு தடவை பெட்டி கட்டினேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ராத்திரி பிரித்து வைத்துவிடுவார்." மற்ற கையால் ஏப்ரனை நீவினார். "அப்புறம் மூன்றாவது வயிற்றில் வந்தது. அழுக்குத் துணி சேர்ந்துவிட்டது. துவைத்தேன்."

அனுசூயா இதைத் தமிழில் சொல்லவில்லை. மணிவாசகத்தின் சட்டைப்பையில் கைவிட்டு முருகனை எடுத்தாள். ஜன்னல் விளிம்பில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"என்னடி பண்றே?"

"இந்தம்மா இருபத்தாறு வருஷம் இருந்திருக்காங்க. நான் இருக்க மாட்டேனா?"

"பயமா இல்லியா உனக்கு?"

"இருக்கு. டவுன்டவுன்லயும் இருந்துச்சு. எங்க போனாலும் கூடத்தான் வரும். நீங்க இங்க வந்து நில்லுங்க. பக்கத்துல."

ஆறிப்போய் ஏடு படிந்திருந்த பாலில், மிச்சப் பாலிலிருந்து கொஞ்சம் விட்டு மறுபடி வாய் வரை நிரப்பினாள். பாத்திரத்தைச் சிவப்பு மாறாத சுருளில் வைத்து, திருகைக் கடைசி வரை திருப்பினாள். ஒருமுறை கொதித்த பாலை மறுபடி வைப்பது கணக்கில் சேருமா என்று மாமியைக் கேட்டால் ஒரு நாள் பூராவும் பேசுவார். கேட்கப் போவதில்லை. மதாமிடம் கையால் காட்டினாள்: மேலே வரும், வெளியே போகும், தொடாதீர்கள். மதாம் தான் காலையெல்லாம் தேய்த்த அடுப்பைப் பார்த்தார். "வெளியேயா?" என்றார். "வெளியே" என்றாள் அனுசூயா. மதாம் பெலான்ஜே இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் நுழைத்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

மூவரும் தோள் உரச நின்றார்கள். நுரை கட்டிற்று. மணிவாசகம் அவள் முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பால் எழும்பியதும் மதாமின் கை ஏப்ரனுக்குள் ஒரு துள்ளுத் துள்ளியது, வெளியே வரவில்லை. பால் விளிம்பு தாண்டிற்று. நாலு பக்கமும் வழிந்து, சுருளில் விழுந்து சீறி, பளபளவென்றிருந்த வெள்ளை எனாமலில் பழுப்பாகக் கோடிழுத்துக்கொண்டு கீழே இறங்கிற்று. தீய்ந்த பால் வாசனை வீடு முழுக்கப் பரவிற்று. மதாம் இருமிக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்தார். ஆற்றுக் காற்று வந்தது.

அனுசூயா துணியை எடுக்கப் போனாள். மதாம் பெலான்ஜே துணியைப் பிடுங்கி வைத்துவிட்டு, மேஜையைக் காட்டினார். முதலில் சாப்பிடு என்று அர்த்தம். ஆறிய காப்பியை மாற்றி ஊற்றினார், அந்தப் பாலையே விட்டு. மணிவாசகம் ஒரே மூச்சில் டார்ட்டில் பாதியை முடித்தான். மதாம் எதிரே உட்கார்ந்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டபடி கேட்டார், "எந்த மாசம்?"

"டிசம்பர்" என்றாள் அனுசூயா, நன்றாகக் கேட்கும்படி.

மணிவாசகம் வாயில் டார்ட்டோடு நிமிர்ந்தான். "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னே?"

"இவங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்றது?" என்றாள் அவள்.